ஆற்று நீரில் ஓமோன் மாசு: அதனைக் கண்டறியும் முறையும் கமக்காரர் கவனிக்க வேண்டியவையும்

ஓமோன் என்றவுடன் நெற்செய்கைக்காரர் பலருக்கு நினைவுக்கு வருவது, அகன்ற இலைக் களைகளை ஒழிக்க நெடுங்காலம் பயன்பட்டு வந்த 2,4-டி போன்ற களைநாசினிகளே. அவை பயிரின் வளர்ச்சி ஓமோனைப் போல நடிப்பவை. இங்கு கூறப்படுவது வேறு. மனிதரும் ஆடு மாடு கோழிகளும் இயல்பாகவே சுரந்து, சிறுநீருடனும் மலத்துடனும் வெளியேற்றும் பாலின ஓமோன்களும், கருத்தடை மாத்திரையிற் சேர்க்கப்படும் செயற்கை ஈஸ்ட்ரஜனும் ஆற்றை அடைந்தால் நேர்வது யாது என்பதே பொருள்.

இது முதன்முதல் தெளிவாகக் கண்டறியப்பட்டது இங்கிலாந்திலாகும். 1980 ஐ அண்டிய ஆண்டுகளில், கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையங்களின் நீர் சேரும் இடங்களில் ரோச் என்னும் மீன்கள் சில, ஆணுறுப்பும் பெண்ணுறுப்பும் ஒருங்கே கொண்டிருக்கக் காணப்பட்டன. காரணம் அறியும் பொருட்டு ஆராய்ச்சியாளர் ஆண் ட்ரவுட் மீன்களைக் கூடுகளில் அடைத்து, நிலையங்களினின்று வெளியேறும் நீரிற் சில வாரங்கள் வைத்தனர். (நுவரெலியாப் பகுதி ஓடைகளில் வெள்ளையர் கொணர்ந்து விட்ட மீனும் இவ்வினமே.) அந்த ஆண் மீன்களின் இரத்தத்தில், முட்டையின் மஞ்சட்கருவுக்குரிய புரதம் பெருமளவிற் காணப்பட்டது. முட்டையிடாத ஆண் மீனுக்கு இப்புரதத்தால் ஆவது ஒன்றுமில்லை. நீரில் பெண் ஓமோன் இருந்தமைக்கு அது சாட்சியாயிற்று. இவ்வாய்வு 1994 இல் வெளியாயிற்று. 1998 இல், வீட்டுக் கழிவுநீரிற் கலந்திருந்த இயற்கை, செயற்கை ஈஸ்ட்ரஜன்களே முதன்மைக் காரணம் எனக் காட்டப்பட்டது.

இதனால் மீனினம் உண்மையில் அழியுமா என்ற ஐயம் எஞ்சியிருந்தது. அதற்கு விடை கனடாவிற் கிடைத்தது. ஒன்ராறியோ மாகாணத்தில் ஆராய்ச்சிக்கென ஒதுக்கப்பட்ட ஓர் ஏரியில், 2001 முதல் 2003 வரை, லீற்றருக்கு 5 அல்லது 6 நனோகிராம் ஆகுமாறு செயற்கை ஈஸ்ட்ரஜன் சேர்க்கப்பட்டது. இதன் சிறுமையை நம் குளக் கணக்கிற் சொல்வோமாயின், ஏறக்குறைய 810 ஏக்கர் அடி நீருக்கு 5 கிராம் மட்டுமே. ஒரு தேக்கரண்டி உப்பின் நிறைக்கு மேற்படாது. ஆயினும் அவ்வேரியிலிருந்த சிறு கெண்டையின மீன் ஒன்று இனப்பெருக்கம் குன்றி, அற்றுப்போகும் நிலையை அடைந்தது. அதனை இரையாக உண்ட பெருமீனும் குறைந்தது. சேர்ப்பதை நிறுத்திய பின் சில ஆண்டுகளிற் சிறு மீன் மீண்டும் பெருகிற்று என்பது ஆறுதல் தரும் செய்தி.

மனிதன் நாளொன்றுக்குச் சில லீற்றர் நீரே பருகுகிறான். மீனோ இரவும் பகலும் அந்நீரிலேயே இருந்து, பூக்களின் வழியாக அதனை ஓயாது தன்னுடலிற் செலுத்துகிறது. ஆதலின் முதலிற் பாதிக்கப்படுவது மீனே.

இத்துணைச் சிறிய அளவை நிறத்தினாலோ மணத்தினாலோ அறிய இயலாது. கழிவு சேரும் வாய்க்கால் முகத்துக்கு மேலே ஓரிடத்திலும் கீழே ஓரிடத்திலும் நீர் எடுத்து, இரண்டையும் ஒப்பிடுதல் வேண்டும். கீழ்ப்புற நீரை மட்டும் சோதித்தால் மாசு எங்கிருந்து வந்ததெனத் துணிய முடியாது. சுத்தமான கண்ணாடிப் போத்தலில் எடுத்து, வெயில் படாமற் குளிர்ச்சியில் வைத்து, விரைவில் ஆய்வுகூடத்திற் சேர்த்தல் அவசியம். ஆறு வற்றும் காலத்தில் கழிவு குறைந்த நீரிற் கலப்பதால், அப்போது எடுப்பதே உண்மை நிலையைக் காட்டும். ஆனால் எருவினின்று வருவதை அறிய வேண்டுமாயின் முதன் மழை வெள்ளத்தையும் எடுத்தல் வேண்டும். ஐரோப்பிய ஒன்றியம் 2015 இல் இவ்வோமோன்களைக் கண்காணிப்புப் பட்டியலிற் சேர்த்தது. இரசாயனச் சோதனை செலவு மிக்கது. அதனால் ஆண் மீனின் இரத்தத்தில் மஞ்சட்கருப் புரதத்தைத் தேடும் முறையும் துணையாகக் கையாளப்படுகிறது.

இனி, கமக்காரரின் பங்கு. மரக்கறித் தோட்டக்காரர் விரும்பி இடும் கோழியெருவில் இயற்கை ஈஸ்ட்ரஜன் உண்டு. கோழிக்கு ஓமோன் கொடுப்பதனால் இது வருவதென எண்ணுதல் பிழை. முட்டையிடும் எந்தப் பேட்டின் எச்சத்திலும் அது இருக்கும். அதற்காக எருவைக் கைவிட வேண்டியதில்லை. காற்றோட்டமுள்ள மண்ணில் நுண்ணுயிர்கள் இவ்வோமோன்களைப் பெரும்பாலும் சில நாட்களிற் சிதைத்துவிடும். நீர் தேங்கிக் காற்றுப் புகாத மண்ணிற் சிதைவு தாமதிக்கும். ஆகவே பச்சை எருவை நீர் நிற்கும் வயலில் இடாது, முதலிற் குவித்து, இடையிடையே புரட்டி, நன்கு மக்கிய பின் இடுக. பெருமழை வரும் அறிகுறி இருக்கையில் எரு இடலாகாது. எருக் குவியலை வாய்க்கால் ஓரத்திலன்றி மேட்டில், கூரையின் கீழ் அல்லது ஓலையால் மூடி வைக்குக. தோட்டத்துக்கும் ஆற்றுக்கும் இடையே சில யார் அகலத்துக்குப் புல்லை வெட்டாமல் விடுவீராயின், எருவும் வளமான மேல்மண்ணும் அடித்துச் செல்லப்படுதல் குறையும். இழக்கப்படும் எரு நும் பணமுமாகும் அன்றோ. மிஞ்சிய மாத்திரைகளையும் மாட்டு மருந்துகளையும் வாய்க்காலில் வீசுதல் வேண்டாம்.

குளத்திலோ ஆற்றிலோ மீன் திடீரெனக் குறையக் கண்டால், எந்த நாளில், எவ்விடத்தில், அதற்கு முன் மழை பெய்ததா, அண்மையில் எவ்வெருவும் எம்மருந்தும் இடப்பட்டன என்பவற்றைக் குறித்து விவசாயப் போதனாசிரியரிடம் கொடுக்குக. மீன் குறைவுக்கு வேறு காரணங்களும் பல உள. எனினும் அக்குறிப்பு இருந்தாலன்றி எங்கே நீர் எடுத்துச் சோதிப்பதென அவர் தீர்மானிப்பது கடினம்.