கடைக்காரருக்கு ஏற்ற மரப்பணி எது?

புதுக்கடைத் திறப்பு, ஆண்டு விழா, கல்யாணம் என்று எங்கே போனாலும் இப்போது தாம்பூலப் பையோடு ஒரு மரக்கன்றும் கைக்கு வருகிறது. "பக்கத்துக் கடைக்காரர் கொடுத்துவிட்டார், நாமும் கொடுக்காவிட்டால் எப்படி?" என்று கேட்கும் வியாபாரிகளை ஒவ்வொரு வருஷமும் பார்க்கிறேன். எண்ணம் நல்லதுதான், தேர்வுதான் தவறு.

சொந்த மனையோ தோட்டமோ இருப்பவர் அதிலேயே நடட்டும், யோசிக்க ஒன்றுமில்லை. இடமில்லை, பணம் உண்டு என்பவர் ஏற்கெனவே இயங்கும் அமைப்போடு சேரலாம். 2015-இல் தொடங்கிய 'வனத்துக்குள் திருப்பூர்' திட்டம், பராமரிக்க முன்வரும் விவசாயிகளின் நிலத்தில் தொழில்துறையினர் ஆதரவோடு மரம் வளர்க்கிறது. ஜப்பானியத் தாவரவியலாளர் அகிரா மியாவாக்கியின் முறையில், ஒரு சதுர மீட்டருக்கு மூன்று நான்கு கன்றுகளை நெருக்கி நடலாம். மண்ணைப் பதப்படுத்தவே செலவு பிடிக்கும் என்பதால் அது தனிக்கடைக்குக் கட்டாது, சங்கத்துக்குக் கட்டும்.

இலவசக் கன்று விநியோகத்தைத்தான் வேண்டாம் என்கிறேன். வாங்குபவர் பலர் வாடகை வீட்டு மாடியில் குடியிருப்பவர்கள். கன்று குழாயடியில் பையோடு கிடக்கும், வேர் பைக்குள்ளேயே சுருண்டுவிடும். தெருவில் நட்டாலும் ஓரடிக் கன்றை ஆடு ஒரே கடியில் முடித்துவிடும். மொத்தமாக மலிவாகக் கிடைக்கிறது என்று தேக்கும் மகாகனியும் கொடுக்கிறார்கள், பால்கனிக்காரர் அதை எங்கே வைப்பார்? அழகுக்காக ஊரெங்கும் நட்ட கோனோகார்பஸை 2025-இல் தமிழக அரசே தடைசெய்ய வேண்டிவந்தது. எல்லாவற்றையும்விட, கொடுத்தபின் அந்தக் கன்றுக்குப் பொறுப்பாளி யாருமில்லை. ஐந்நூறு கன்று கொடுத்தோம் என்று பேனரில் போடுகிறோம், எத்தனை பிழைத்தன என்று எவரும் கேட்பதில்லை. கொடுத்தே ஆக வேண்டுமென்றால் தொட்டியில் வளரும் கறிவேப்பிலையோ துளசியோ கொடுங்கள்.

என் ஓட்டு கடை வாசலில் ஒரே ஒரு புங்கனுக்கு. வெயிலில் வந்து நிற்கும் வாடிக்கையாளருக்கு அதன் நிழல் என்ன செய்யும் என்பதை எங்கள் கடைத்தெருவில் கண்டவன் நான். நகராட்சியிடம் அனுமதி வாங்கி, மேலே மின்கம்பியும் கீழே குழாயும் இல்லாத இடமாகப் பாருங்கள். ஆளுயரக் கன்றாக வாங்கி, இரண்டடி ஆழமும் அகலமும் உள்ள குழியில் மக்கிய எருவிட்டு நட்டு, கம்பிக்கூண்டு வையுங்கள். வேம்பும் பூவரசும்கூட நல்லவை. 2016 வர்தா புயலில் சென்னையில் குல்மொஹர் போன்ற அயல் மரங்கள் ஏராளமாகச் சாய்ந்ததை மறக்க வேண்டாம். அடிமரத்தைச் சுற்றி சிமெண்ட் பூசாதீர்கள், விளம்பரப் பலகையை ஆணியடித்து மாட்டாதீர்கள். டீக்கடை, தையற்கடை, சைக்கிள் கடை மூன்றும் முறைவைத்துத் தண்ணீர் ஊற்றினால் ஒருவர் ஊருக்குப் போனாலும் கன்று காயாது.

அவரவர் இயல்பறிந்து இறங்குவதே முக்கியம். நேரமில்லாதவர் பணம் கொடுக்கட்டும், பணமில்லாதவர் தண்ணீர் ஊற்றட்டும். புதுக்கடை காலூன்ற மூன்று வருஷமாவது பொறுக்கிறோம் அல்லவா? மரமும் அதே மூன்று கோடையைத்தான் கேட்கிறது. பொறுமையில்லாமல் எந்தத் தொழிலும் நிலைத்ததில்லை, எந்த மரமும் வளர்ந்ததில்லை.

ஐப்பசி மழைக்கு முன் உங்கள் கடைத்தெருவில் கூடிப் பேசுங்கள். கன்றுகளை எண்ண வேண்டாம், வைகாசி வெயிலிலும் தண்ணீர் ஊற்றப்போவது யார் என்பதை முதலில் முடிவுசெய்யுங்கள்.