சைக்கிள் லேன் காலியாவா கிடக்கு? ஒரு சின்ன கணக்கு போடலாம் வாங்க

கனடாவின் டொராண்டோ நகரத்தில் ப்ளூர் தெரு என்று ஒரு முக்கியமான ரோடு இருக்கிறது. 2016 ஆகஸ்டில் அதில் சுமார் 2.4 கிலோமீட்டருக்கு சோதனை முயற்சியாக சைக்கிள் லேன் போட்டாங்க. அப்போ ஆரம்பிச்ச சண்டை இன்னும் ஓயவில்லை. லேன் காலியா கிடக்கு, கார்கள் நெரிசலில் நிக்குது என்கிறது ஒரு தரப்பு. இல்லை, தினமும் ஆயிரக்கணக்கானவங்க அதில்தான் போறாங்க என்கிறது இன்னொரு தரப்பு.

ஒரே ரோட்டைப் பார்த்து ரெண்டு பேரும் எப்படி நேர்மாறா சொல்றாங்க? யாராவது ஒருத்தர் பொய் சொல்லித்தான் ஆகணும் என்று இல்லை. சிவில் டிபார்ட்மென்ட் நண்பர்களுக்குத் தெரிஞ்ச ஒரு ஃபார்முலாவே இதற்குப் பாதி பதில் சொல்லிடும்.

1. நம்ம கண்ணு எதைப் பார்க்குது?

ஃப்ளோ = டென்சிட்டி × வேகம்.

ஃப்ளோ என்றால் ஒரு மணி நேரத்தில் ஒரு இடத்தைக் கடக்கிற வண்டிகளின் எண்ணிக்கை. டென்சிட்டி என்றால் ஒரு கிலோமீட்டரில் அந்த நொடி இருக்கிற வண்டிகளின் எண்ணிக்கை.

இப்போ ஒரு உதாரணம். இதில் வரும் எண்கள் கணக்குக்காக நான் எடுத்துக்கொண்டவை. ஒரு லேனில் மணிக்கு 600 சைக்கிள், 20 கி.மீ. வேகத்தில் போகுதுன்னு வெச்சுக்கோங்க. 600-ஐ 20-ஆல் வகுத்தால் கிலோமீட்டருக்கு 30 சைக்கிள். அதாவது 100 மீட்டருக்கு வெறும் 3 பேர். போட்டோ எடுத்தா லேன் காலியாத்தான் தெரியும்.

பக்கத்து லேனில் அதே 600 கார், நெரிசலில் 6 கி.மீ. வேகத்தில் ஊர்ந்து போகுது. 600-ஐ 6-ஆல் வகுத்தால் கிலோமீட்டருக்கு 100 கார். 100 மீட்டருக்கு 10 கார். போட்டோவில் லேன் நிரம்பி வழியும்.

ரெண்டு லேனும் மணிக்கு 600 வண்டிகளைத்தான் கடத்துது. ஆனா ஒண்ணு காலி, இன்னொண்ணு ஃபுல்! காரணம் சிம்பிள்: போட்டோ டென்சிட்டியைக் காட்டும், ஃப்ளோவைக் காட்டாது. காரில் உட்கார்ந்து பார்க்கிறவருக்கும் அதே நிலைதான். நெரிசலில் நிற்கிறவர் கண்ணுக்குப் பக்கத்து லேன் எப்பவும் வெறிச்சோடித்தான் தெரியும்.

2. சதவீதமா? எதில் சதவீதம்?

டொராண்டோ விவாதத்தில் அடிக்கடி வந்த ஒரு எண், 1.2 சதவீதம். இவ்வளவு பேர்தான் சைக்கிளில் வேலைக்குப் போறாங்க, இவங்களுக்கு எதுக்கு தனி லேன் என்று ஒன்டாரியோ மாகாண அரசு கேட்டது. எண் தப்பில்லை. ஆனா அது 2011-ல் எடுத்த கணக்கு, அதாவது ப்ளூர் லேன் வருவதற்கு முன்னாடி. அதோடு அது டொராண்டோ நகரத்துக்கு மட்டுமானதும் இல்லை. மிசிசாகா, பிராம்ப்டன் போன்ற ஊர்களும் சேர்ந்த பெருநகரப் பகுதி முழுவதற்குமானது. வேலைக்குப் போகிற பயணத்தை மட்டும்தான் அது எண்ணும். காலேஜுக்கோ கடைக்கோ போகிறவர் அதில் வரமாட்டார்.

ஒரு தெருவைப் பற்றிய கேள்விக்கு ஒரு பெரிய பிரதேசத்தின் சராசரியைப் பதிலாகச் சொன்னால், லேபில் எக்ஸ்டர்னல் அதை ஒத்துக்குவாரா?

3. முன்பு எவ்வளவு, பின்பு எவ்வளவு?

நகர நிர்வாகம் அந்தத் தெருவிலேயே எண்ணிப் பார்த்தது. லேன் வருவதற்கு முன் வார நாட்களில் தினமும் சுமார் 3,300 சைக்கிள்கள். லேன் வந்த பிறகு ஏறக்குறைய 5,000. கார்களுக்கு மாலை நெரிசல் நேரத்தில் சில நிமிடங்கள் கூடியதையும் அதே ஆய்வு பதிவு செய்தது. சிக்னல் நேரத்தை மாற்றிய பிறகு அந்தத் தாமதம் குறைந்தது. 2017 நவம்பரில் நகர மன்றம் லேனை வைத்துக்கொள்ள முடிவு செய்தது.

இங்கேயும் கேள்வி கேட்கணும். கூடின சைக்கிள்கள் எல்லாம் புதுசா வந்தவங்களா, இல்லை பக்கத்துத் தெருவிலிருந்து மாறி வந்தவங்களா? ஜனவரி பனியில் எத்தனை பேர்? லேன் இருக்கணும்னு வாதாடுறவங்களும் பீக் ஹவர் எண்ணை மட்டும் காட்டிட்டு நழுவக்கூடாது. மணிக்கு 20 சைக்கிள் போற லேனும் உலகத்தில் உண்டு. அதை எண்ணிப் பார்த்தாத்தான் தெரியும்.

இது வெறும் கணக்கு விளையாட்டா?

இல்லை. 2024 நவம்பரில் ஒன்டாரியோ அரசு ஒரு சட்டம் நிறைவேற்றியது. ப்ளூர், யங், யூனிவர்சிட்டி அவென்யூ ஆகிய மூன்று தெருக்களின் சைக்கிள் லேன்களை அகற்ற அது வழி செய்தது. வழக்கு நீதிமன்றம் போனது. லேன்களை அகற்றுவது சைக்கிள் ஓட்டுபவர்களின் உயிரையும் பாதுகாப்பையும் ஆபத்தில் தள்ளும், அது அரசியலமைப்புக்கு எதிரானது என்று 2025 ஜூலையில் ஒன்டாரியோ உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மேல்முறையீடு செய்வதாக அரசு அறிவித்தது. காலியாத் தெரியுது என்ற ஒரு பார்வை எங்கே கொண்டுபோய் நிறுத்துது பாருங்க.

அடுத்த முறை யாராவது காலியான லேன் போட்டோவை அனுப்பினால், ஃபார்வர்டு பண்றதுக்கு முன்னாடி நாலு கேள்வி கேளுங்க:

- இது எத்தனை மணிக்கு, எந்த மாதத்தில் எடுத்தது?
- ஒரு மணி நேரத்தில் எத்தனை வண்டி இல்லை, எத்தனை மனிதர்கள் கடந்தார்கள்?
- லேன் போடுவதற்கு முன் அதே இடத்தில் எவ்வளவு பேர் போனாங்க?
- அந்த லேன் உருப்படியா ஒரு இடத்துக்குப் போய்ச் சேருதா, இல்லை பாதி வழியில் முடிஞ்சு போகுதா?

இந்த நாலுக்கும் பதில் கையில் இருந்தால், லேன் வேணும் என்றாலும் வேண்டாம் என்றாலும் அது ஒரு இன்ஜினியரின் கருத்து. இல்லாவிட்டால் அது வெறும் போட்டோ.