மக்காச்சோளமும் எத்தனாலும்

சென்னை அடையாறிலோ தியாகராய நகரிலோ ஒருவர் தம் ஸ்கூட்டருக்கு 5 லிட்டர் பெட்ரோல் போடுகிறார் என்று கொள்வோம். அதில் 1 லிட்டர் எத்தனால் என்னும் எரிசாராயம். அது முழுவதும் மக்காச்சோளத்திலிருந்து எடுக்கப்பட்டதானால், அதற்குச் சுமார் 2.6 கிலோ தானியம் செலவாகியிருக்கும். பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் கலக்கும் இலக்கு 2030-க்கு வைக்கப்பட்டிருந்தது. அது முன்னதாகவே 2025-இல் எட்டப்பட்டது. கரும்புச்சாறு, பாகுக் கழிவு, அரிசி, மக்காச்சோளம் ஆகியவை இதற்கு மூலப்பொருள்கள்.

பெரம்பலூர், அரியலூர் பகுதி மானாவாரி உழவர்களுக்கு இதில் என்ன லாபம்? 2024 ஜனவரியில் மக்காச்சோள எத்தனாலின் விலை ஊக்கத்தொகையுடன் சேர்த்து லிட்டருக்கு ரூ.71.86 ஆக உயர்த்தப்பட்டது. ஒரு குவிண்டாலில் ஏறத்தாழ 38 லிட்டர் கிடைக்கும். ஆலைகள் போட்டியிட்டுக் கொள்முதல் செய்தன. உழவருக்கு நல்ல விலை கிடைத்தது. அதே விலை கோழிப்பண்ணையாளர்களுக்குப் பாரமாயிற்று. ஏற்றுமதி செய்துவந்த நம் நாடு அந்த ஆண்டில் பர்மா, உக்ரைன் முதலிய நாடுகளிலிருந்து ஏறத்தாழ 10 லட்சம் டன் இறக்குமதி செய்தது.

மறு ஆண்டே காற்று திசை மாறியது. 2025 ஜனவரியில் உணவுக் கழகத்தின் அரிசி, எத்தனால் ஆலைகளுக்குக் குவிண்டால் ரூ.2,250-க்கு விலை குறைத்து ஒதுக்கப்பட்டது. அரிசியில் எத்தனால் கூடுதலாகவும் கிடைக்கும். மக்காச்சோள விளைச்சலும் பெருகியது. நவம்பரில் கர்நாடகத்தில் ஆதரவு விலை ரூ.2,400 ஆக இருக்க, சந்தையில் ரூ.1,600 முதல் 1,800 வரையே கிடைத்தது. உழவர்கள் சாலைக்கு வந்தனர்.

இவ்விடத்தில் காட்டாமணக்கை நினைவூட்ட வேண்டியிருக்கிறது. 2003-இல் மத்திய திட்டக்குழுவின் குழு ஒன்று அதனைப் பரிந்துரைத்தது. தமிழகத்தில் கன்றுகளுக்கு மானியமும் தரப்பட்டது. தண்ணீர் வேண்டாம், ஆடு மாடு கடிக்காது என்று கூட்டங்களில் எடுத்துச் சொன்னவர்களில் நானும் ஒருவன். ஆடு மாடு கடிக்கவில்லை என்பது உண்மைதான். மானாவாரியில் காயும் பிடிக்கவில்லை. நீர் பாய்ச்சியவர்களுக்கோ நிலக்கடலையில் வந்த வருமானம்கூட வரவில்லை. பலர் செடிகளை வேரோடு பிடுங்கிப் போட்டார்கள்.

மக்காச்சோளம் அப்படிப்பட்டதல்ல, எத்தனால் ஆலை வாங்காவிட்டாலும் தீவன ஆலை வாங்கும். ஆகவே நாமக்கல் தீவன ஆலை ஏற்கும் தரத்திலேயே தானியத்தை வைத்திருங்கள். கதிரின் மேலுறை பழுத்துக் காய்ந்த பின்னரே அறுவடை செய்து, மணியின் ஈரப்பதம் 14 சதவீதத்திற்கு மேற்படாமல் காயவைக்க வேண்டும். பூசணம் பிடித்த கதிர்களைத் தனியே ஒதுக்கிவிடுங்கள். அதிலுள்ள நஞ்சு கோழிகளுக்கு ஆகாது. இருக்கும் நிலம் முழுவதிலும் மக்காச்சோளமே போடாமல், வரிசைகளுக்கிடையே உளுந்து அல்லது தட்டைப்பயறு விதைத்தால், தானிய விலை சரிந்த ஆண்டிலும் கைச்செலவுக்கு ஏதேனும் வரும். அறுவடைக் காலத்தில் விலை தாழ்ந்திருந்தால் களத்திலேயே விற்றுவிட வேண்டாம். ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தின் கிடங்கில் இருப்பு வைத்து, அதன்பேரில் பொருளீட்டுக் கடன் பெறும் வசதி உள்ளது. இதன் விவரங்களை விற்பனைக்கூடக் கண்காணிப்பாளரிடம் விதைப்புக்கு முன்பே கேட்டறிந்து கொள்ளவும்.