நூலகச் செயலிகளின் புதுப்பித்தலும் பாடத் தூய்மையும்

சித்தாந்த நூல் பயில்வோர் காட்சி, கருதல், உரை என்னும் மூவகை அளவைகளையும் நன்கறிவர். அவற்றுள் உரையளவை ஏனையிரண்டற்கும் எட்டாத பொருளை உணர்த்துவது. நூலின் பாடம் பிழைபடாது வந்து சேர்ந்தவழியே அவ்வளவை நமக்குப் பயன்படும். பாடம் பிறழின் பொருள் பிறழும். பொருள் பிறழின் அதன்மேல் எழுந்த ஆராய்ச்சி முழுதும் பிறழும். முன்னர் ஏட்டிலும் பின்னர் அச்சிலும் நேர்ந்த இவ்விடர், இஞ்ஞான்று கைப்பேசியில் நூல்களைத் தொகுத்துத் தரும் நூலகச் செயலிகளிலும் நேர்கின்றது. அது நேருமாற்றையும், அதனினின்று காத்துக்கொள்ளுமாற்றையும் ஈண்டுக் கூறப் புகுந்தாம்.

எம்முடன் சாத்திரம் பயிலும் அன்பர் இருவர் ஒரே செயலியைத் தத்தம் கைப்பேசியில் வைத்திருந்தனர். சிவஞானபோதத்து இரண்டாஞ் சூத்திரத்தின் கருத்தை விளக்கும் உரைநடைக் குறிப்பொன்றைப் படிக்குங்கால், இறைவன் உயிர்களோடு 'அநந்நியமாய்' நிற்பன் என ஒருவர் படித்தார்; 'அந்நியமாய்' நிற்பன் என மற்றவர் படித்தார். முன்னையது வேறன்மையை உணர்த்தும். பின்னையது வேறாதலை உணர்த்தும். ஓரெழுத்து வீழ்ந்தமையால், அத்துவிதம் என்னுஞ் சொற்கு மெய்கண்டார் கொண்ட பொருளே தலைகீழாயிற்று. ஆராய்ந்தவழி, ஒருவர் கைப்பேசியிற் செயலி புதுப்பிக்கப்பட்டிருந்தது. மற்றவர் கைப்பேசியிற் பழைய நிலையிலேயே இருந்தது. புதியது திருந்தியது என்றே அனைவருங் கருதினோம். அச்சு நூலை எடுத்து ஒப்பிட்டபின், பழையதே செம்மையான பாடம் என்பதும், புதிதாகத் தட்டெழுதியவழி ஓரெழுத்து விடுபட்டதென்பதும் விளங்கின. செயலியிலோ, 'சில பிழைகள் திருத்தப்பட்டன' என்னும் ஒரு தொடரன்றி வேறு குறிப்பொன்றும் இல்லை.

இவ்விடர்க்கு முதற் காரணம், புதுப்பித்தல் என்னும் ஒரு சொல்லால் இருவேறு செயல்களைச் சுட்டுதலேயாம். நூலகச் செயலியில் இரு பகுதிகள் உள. நூலைத் திறத்தல், எழுத்தைக் காட்டுதல், சொல்லைத் தேடுதல் முதலியவற்றைச் செய்யும் மென்பொருள் ஒன்று. அதனாற் காட்டப்படும் நூற்பாடம் மற்றொன்று. இரவில் ஏடு படிப்பான் ஒருவனுக்கு விளக்கும் ஏடும் வேறுவேறாதல் போல இவையும் வேறுவேறாம். விளக்கை மாற்றுதல் ஒரு செயல்; ஏட்டை மாற்றுதல் முற்றிலும் பிறிதொரு செயல்.

மென்பொருளைப் புதுப்பித்தல் பெரும்பாலும் கொள்ளற்பாலதே. கைப்பேசியை இயக்கும் அடிப்படை மென்பொருள் மாறுந்தோறும் செயலியும் அதற்கேற்ப மாறுதல் வேண்டும். 2017ஆம் ஆண்டு ஆப்பிள் நிறுவனம் ஐஓஎஸ் 11 என்னும் பதிப்பை வெளியிட்டபொழுது, 32 பிட் முறையில் அமைந்து புதுக்கப்படாதிருந்த செயலிகள் அப்பதிப்பில் இயங்காவாயின. அவற்றினுள் இருந்த நூல்கள் பிழையற்றனவாயினும் படிப்பார்க்கு எட்டாமற் போயின. ஆதலின் விளக்கை எண்ணெயிட்டுப் பேணுவது போல மென்பொருளையும் பேணுதல் கடனாம்.

மென்பொருளின் குறை ஆராய்ச்சியையுந் தாக்கும். ஒருங்குறியில் 'கொ' என்பதிலுள்ள ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் சேமிக்கலாம். கொம்பும் காலுமாகிய இரு குறியீடுகளாகவும் சேமிக்கலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. இரண்டையும் ஒன்றெனக் கொள்ளும் ஏற்பாடு மென்பொருளில் இல்லையேல், நூலில் உள்ள சொல்லையே தேடினும் 'இல்லை' என்னும் விடை வரும். அவ்விடையை நம்பி, 'இச்சொல் திருமுறையில் யாண்டும் வழங்கப்படவில்லை' என்று எழுதுவார் பிழைபடுவர். தேடலிற் காணாமை நூலில் இல்லாமைக்குச் சான்றாகாது.

இனி, நூற்பாடத்தைப் புதுப்பித்தல் மூவகைப்படும். முதலாவது, தட்டெழுதுவோர் பிழையையும் படத்தினின்று எழுத்தைப் பிரித்தறியும் பொறியின் பிழையையும் களைதல். ஔகாரத்தை ஒகரமும் ளகரமுமாகப் பிரித்தெழுதிய பிழை மின்னூல்களிற் பலகாலும் காணப்படும். இதனைத் திருத்துதல் யாவர்க்கும் உடன்பாடு.

இரண்டாவது, பாடபேதங்களுள் ஒன்றை விடுத்து மற்றொன்றைக் கொள்ளுதல். பழைய ஏடுகளிற் புள்ளி பெரும்பான்மையும் இடப்படுவதில்லை. எகர ஏகாரங்களும் ஒகர ஓகாரங்களும் வேறுபாடின்றி எழுதப்பட்டன. ரகரமும் காலும் ஒருவடிவாயிருந்தன. ஆகலின் ஓரேட்டையே கற்றார் இருவர் இருவகையாகப் படித்தல் கூடும். இத்தகைய இடத்துப் பாடத்தை மாற்றுதல் பிழைதிருத்தம் ஆகாது. அது பதிப்பாசிரியரின் துணிபு. கொண்ட பாடம், விட்ட பாடம், காரணம் ஆகிய மூன்றையுங் காட்டாது அதனைச் செய்தல் முறையன்று.

மூன்றாவது, புதியதாகக் கிடைத்ததனைச் சேர்த்தல். திருஞானசம்பந்தர் அருளிய முதல் மூன்று திருமுறைகளில் முறையே 136, 122, 125 ஆகப் பதிகங்கள் 383 என்பது பழைய கணக்கு. திருவிடைவாய்ப் பதிகம் 1917ஆம் ஆண்டு கல்வெட்டினின்று கண்டறியப்பட்டுப் பின்வந்த பதிப்புகளிற் சேர்க்கப்பெற்றது. எனவே ஒரு செயலி காட்டும் தொகை அது தழுவிய பதிப்பைப் பொறுத்தது. அன்றியும், தேவாரம் பண்முறையாகவும் தலமுறையாகவும் பதிப்பிக்கப்படும். ஒரு முறையினின்று மற்றொரு முறைக்குச் செயலி மாறின், பதிக வரிசை முழுதும் வேறாகும். பாட்டின் எண்ணைப் பற்றியே பயில்வோர் எழுதிவைத்த குறிப்புகள் அப்பொழுது வேறொரு பாட்டின்மேற் சென்று நிற்கும்.

இவையெல்லாம் புதுப்பித்தலை நிறுத்திவைப்பின் நேரா எனின், அற்றன்று. சில செயலிகளில் நூற்பாடம் செயலியினுள்ளேயே அடங்கியிருக்கும். அவற்றிற் செயலியைப் புதுப்பித்தாலன்றிப் பாடம் மாறாது. வேறு சிலவற்றிலோ பாடம் தொலைவிலுள்ள வழங்கியினின்று படிக்குந்தோறும் பெறப்படும். அவற்றிற் கைப்பேசியில் யாதொன்றும் மாறாதிருக்கவும் பாடம் மாறிவிடும். மேலும், முற்றும் நிறுத்திவைப்பாரிடத்து உள்ள பிழைகள் என்றும் நீங்காது நின்றுவிடும்.

அற்றேல், அச்சுப் பதிப்புகளும் மாறுவனவன்றோ, இதிற் புதுமை யாது எனின், கூறுதும். உ. வே. சாமிநாதையரவர்கள் 1887ஆம் ஆண்டு சீவகசிந்தாமணியை வெளியிட்டபின், மேலும் ஏடுகளை ஒப்பிட்டுப் பிற்பதிப்புகளைத் திருத்தினார்கள். ஆயினும் ஒவ்வொரு பதிப்பும் தன் ஆண்டைத் தன்மேற் பொறித்து நின்றது. புதிய பதிப்பு வந்தபின்னும் பழையது நூல்நிலையத்தில் நிற்கும். இரண்டையும் அருகே வைத்து ஒப்பிடலாம். செயலியிலோ புதியது புகுங்கால் பழையது மறைகின்றது. மறைந்ததனோடு ஒப்பிட இயலாமையின், மாறியது எது என்பதே அறியப்படாதாகின்றது. வேறுபாடு இதுவேயாம்.

ஆகலின் செயலிகளை வெளியிடும் மடங்களும் சபைகளும் மூன்று கடன்களை மேற்கொள்ளுதல் வேண்டும். மென்பொருட் பதிப்பெண்ணையும் நூற்பாடப் பதிப்பெண்ணையும் வேறுவேறாகக் காட்டுக. ஒவ்வொரு திருத்தத்தையும் இன்ன நூல், இன்ன பாட்டு, முன்னைப் பாடம் இது, பின்னைப் பாடம் இது, சான்று இது எனப் பட்டியலிட்டு வெளியிடுக. பழைய பாடத் தொகுதிகளை அழியாது காத்து, வேண்டுவார்க்கு வழங்குக. திருத்தத்தை ஒருவர் செய்ய, மற்றொருவர் ஏட்டோடோ அச்சோடோ ஒப்பிட்டபின்னரே வெளியிடுதலும் நன்று.

பயில்வோர்க்கும் கடன் உண்டு. செயலியினின்று மேற்கோள் காட்டுங்கால் செயலியின் பெயர், பதிப்பெண், படித்த நாள், அது தழுவிய அச்சுப் பதிப்பு ஆகியவற்றைக் குறிக்க. தம் குறிப்புகளைப் பாட்டெண்ணோடு மட்டுமன்றிப் பாட்டின் முதற்குறிப்போடும் எழுதுக. புதுப்பிக்குமுன் அவற்றைப் படியெடுத்து வேறிடத்து வைக்க. சித்தாந்தத் துணிபு தங்கும் இடங்களில் அச்சு நூலோடு ஒப்பிடாது முடிபு கூறற்க. பிழை கண்டவழி வெளியிட்டோர்க்கு அறிவிக்க. அறிவியாது விடுதலும் அப்பிழைக்கு உடன்படுதலாம்.

பழமை என்பது பற்றியே ஒன்று நன்றாகாது. புதுமை என்பது பற்றியே ஒன்று தீதும் ஆகாது என்னுங் கருத்தை உமாபதிசிவனார் சிவப்பிரகாசத்து அவையடக்கத்தில் வைத்தருளினார். தம் நூலின்பொருட்டு அவர் கூறிய அந்நடுவுநிலை ஈண்டைக்கும் பொருந்தும். புதுப்பித்தல் வந்தவுடன் ஏற்பாரும், வந்தவுடன் வெறுப்பாரும் ஆராயாமையில் ஒப்பர். எம் அன்பரிருவரும் இப்பொழுது வகுப்பிற்கு வருங்கால் கைப்பேசியோடு அச்சு நூலையும் உடன்கொண்டு வருகின்றனர். விடுபட்ட அவ்வெழுத்தைச் செயலி வெளியிட்டோர்க்கு எழுதி அறிவித்துள்ளோம்.