86 டாலர் இருந்த பாங்கு

1809-ஆம் ஆண்டுத் தொடக்கத்தில், அமெரிக்காவின் ரோட் ஐலண்டு மாநிலத்தில் கிளாஸ்டர் என்னும் சிற்றூரில் ஒரு பாங்கு முறிந்தது. மாநிலச் சட்டசபை நியமித்த குழு ஆராய்ந்தபோது, அதன் பெட்டியில் இருந்த உலோக நாணயம் 86 டாலர் 46 சென்ட். மக்கள் கையில் புழங்கிய அதன் நோட்டுகளோ சுமார் 5,80,000 டாலர் என மதிப்பிடப்பட்டன. அமெரிக்க ஐக்கிய நாட்டில் முறிந்த முதல் பாங்கு இதுவே. அதன் பெயர், குடியானவர் செலாவணி பாங்கு.

அக்காலத்தில் அந்நாட்டில் அரசாங்க நோட்டு கிடையாது. ஒவ்வொரு பாங்கும் தன் பெயரிலேயே நோட்டு அச்சிட்டு வெளியிடும். அதைக் கொண்டுவந்து நீட்டியவருக்கு வெள்ளியோ பொன்னோ எண்ணிக் கொடுக்க வேண்டியது பாங்கின் கடமை. ஆனால் பாங்கு வெகு தூரத்தில் இருந்தால் யார் வண்டிகட்டிக்கொண்டு போய்க் கேட்பார்? ஆகவே தூரத்து நோட்டுகளை வியாபாரிகள் வட்டம் பிடித்துக்கொண்டே வாங்கினர். தூரம் கூடக் கூட வட்டமும் கூடிற்று.

இந்தத் தூரத்தையே தமக்கு முதலாக்கிக் கொண்டவர் பாஸ்டன் நகரத்து வக்கீல் ஆண்ட்ரூ டெக்ஸ்டர். மேற்கே நெடுந்தொலைவில் இருந்த டெட்ராய்ட் பாங்கும் அவர் கைக்குள் வந்தது. ஒரு டாலர் வெள்ளிக்காகப் பாஸ்டனிலிருந்து டெட்ராய்ட் வரை போகிறவர் உண்டோ!

கிளாஸ்டர் பாங்கு 1804-இல் தொடங்கியது. சாசனப்படி மூலதனம் 1,00,000 டாலர். உண்மையில் செலுத்தப்பட்டதோ அதில் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவு. 1808-இல் டெக்ஸ்டர் அதன் டைரக்டர்களின் பங்குகளை விலைக்கு வாங்கினார். அந்த விலையும் பாங்கின் பணத்திலிருந்தே கொடுக்கப்பட்டது. நம் சங்கத்து அங்கத்தினர்கள் இவ்விடத்தில் சற்று நின்று படிக்க வேண்டும். பிறர் பணத்தைக் காக்க அமர்த்தப்பட்டவர்கள், அந்தப் பணத்தையே கூலியாகப் பெற்றுக்கொண்டு காவலை விட்டுப் போனார்கள். வந்தவரைத் திருடர் என்றால், கதவைத் திறந்துவிட்டவர்களை என்னவென்று சொல்வது?

அதன்பின் டெக்ஸ்டர் வேண்டிய மட்டும் கடன் எடுத்தார். அவர் எழுதிக்கொடுத்த புரோநோட்டு விசித்திரமானது. எட்டு ஆண்டு கழித்து, ஆண்டுக்கு நூற்றுக்கு இரண்டு வட்டியுடன் திருப்புவதாக அதில் கண்டிருந்தது. ஆனால் தாம் முக்கியப் பங்குதாரர் ஆதலால், தருவதற்கு உரிய காலம் தமக்கே நன்கு தெரியும் என்றும், தமக்குத் தகும் என்று தோன்றும் வரை எவரும் கேட்கலாகாது என்றும் ஒரு நிபந்தனை அதிலேயே சேர்ந்திருந்தது. கிராமத்து லேவாதேவிக்காரர் எவரும் இப்படியொரு சீட்டை வாங்கிப் பெட்டியில் வைக்கமாட்டார்.

ஒவ்வொரு நோட்டிலும் காசாளர் வில்லியம் கோல்வெல் கையொப்பமிட வேண்டியிருந்தது. ஓயாமல் கையெழுத்திடும்படியும், பிறர் அறியாதபடி தனியறையில் இருந்து செய்யும்படியும் டெக்ஸ்டர் அவருக்குக் கடிதம் எழுதினார். வெள்ளி கேட்டு வருவோருக்கு மிக மெதுவாகவே எண்ணிக் கொடுக்கவும் ஏவினார். கோல்வெல்லின் நிலை இரங்கத்தக்கதே. ஆயினும் ரகசியமாகச் செய் என்று ஒருவர் சொல்லும்போதே அவருக்கு விஷயம் விளங்கியிருக்க வேண்டும்.

இவ்வளவு நோட்டும் எதற்கு? பாஸ்டனில் டெக்ஸ்டர் ஏழடுக்கு மாளிகை ஒன்றைக் கட்டிக்கொண்டிருந்தார். எக்ஸ்சேஞ்ச் காபி ஹவுஸ் என்பது அதன் பெயர். அந்நாட்டில் அன்றிருந்த மிகப் பெரிய கட்டடங்களுள் அது ஒன்று. கிளாஸ்டர் நோட்டுகளே அதன் செங்கல்லாகவும் சுண்ணாம்பாகவும் மாறின.

வணிகர்கள் நோட்டுகளைத் திரட்டி வெள்ளி கேட்கத் தொடங்கியதும் எல்லாம் சரிந்தது. டெக்ஸ்டர் பிரிட்டிஷ் ஆட்சியிலிருந்த நோவா ஸ்கோஷியாவுக்கு ஓடிவிட்டார். நோட்டு வைத்திருந்தவர்களிடம் காகிதமே மிஞ்சியது. மாளிகை 1809-இல் திறக்கப்பட்டு, 1818 நவம்பரில் தீக்கிரையாயிற்று. டெக்ஸ்டர் பிற்காலத்தில் அலபாமா சென்று, மான்ட்கோமரி நகரை நிறுவியவர்களுள் ஒருவரானார். 1837-இல் மொபீல் நகரில் மாண்டார். மான்ட்கோமரியின் பெருவீதி ஒன்று இன்றும் அவர் பெயரைத் தாங்கியுள்ளது. கிளாஸ்டர் நோட்டுகளில் பல, பழம்பொருள் சேர்ப்போரிடம் காசாளரின் கையொப்பத்தோடு இன்னும் இருக்கின்றன.