மகிழும் அடிமை

தொண்டு வேறு, அடிமை வேறு. இரண்டிலும் ஒருவர் மற்றொருவர்க்குப் பணி செய்கின்றார். ஆயினும், தொண்டர் தம் விருப்பத்தாற் செய்கின்றார். அடிமையோ பிறர் விருப்பத்தாற் செய்கின்றான். இங்ஙனமாயின், ஏவல் செய்வதையே விரும்பி, அதிலேயே இன்பங் காணுமாறு ஓர் உயிரைப் படைத்துவிட்டால், அதனைத் தொண்டன் என்பதா? அடிமை என்பதா? அவ்வாறு படைத்தல் அறமாகுமா? இவ்வினாவை நூறாண்டுகளாக அறிஞர் பலர் எண்ணி வருகின்றனர்.

செக் நாட்டு எழுத்தாளர் காரல் சாப்பெக் 1920-ஆம் ஆண்டில் ஒரு நாடகம் வெளியிட்டார். 'ரோபாட்' என்னும் சொல் அந்நாடகத்தின் வாயிலாகவே உலகெங்கும் பரவிற்று. செக் மொழியில் 'ரொபோட்டா' என்பது, குடியானவர் நிலக்கிழார்க்குச் செய்த கட்டாய வேலையைக் குறிக்கும். நாடகத்தில் ஓர் ஆலையார் செயற்கை மனிதரைச் செய்து விற்கின்றனர். மனிதன் மகிழ்கின்றான்; இசை மீட்டுகின்றான்; உலாவ விரும்புகின்றான். இவை யாவும் வேலைக்குப் பயன்படாதவை. ஆதலின் நீக்கத்தக்கவை என்பது அவ்வாலையாரின் கணக்கு. அவ்வாறு செய்யப்பட்டவர்களே இறுதியில் மனித இனத்தை எதிர்த்து எழுகின்றனர்.

சாப்பெக் காட்டிய ஆலையார் மகிழ்ச்சியை நீக்கினர். ஆங்கில எழுத்தாளர் ஆல்டஸ் ஹக்ஸ்லி, 1932-இல் வெளியிட்ட 'பிரேவ் நியூ வேர்ல்டு' என்னும் புதினத்திற் காட்டிய ஆட்சியாளரோ, மகிழ்ச்சியைத் தமக்கேற்ப வளைத்துக்கொண்டனர். அவ்வுலகில் குழந்தைகள் கண்ணாடிக் குடுவைகளில் வளர்க்கப்படுகின்றனர். தாழ்ந்த வேலைக்கென வகுக்கப்பட்ட கருவிற்கு உயிர்வளி குறைத்து ஊட்டப்படுகின்றது. அறிவு வளராமைக்கே இவ்வேற்பாடு. எட்டுத் திங்கட் குழந்தைகளின் முன் அழகிய நூல்களையும் மலர்களையும் வைக்கின்றனர். குழந்தைகள் ஆவலோடு தவழ்ந்து சென்று தொடும்போது, பேரொலியும் மின்னதிர்ச்சியும் உண்டாக்குகின்றனர். பின்னர் அக்குழந்தைகள் நூலைக் கண்டாலும் மலரைக் கண்டாலும் அஞ்சி ஒடுங்குகின்றன. உறங்கும்போது, 'நம் நிலையே நல்ல நிலை' என்னும் கருத்தைக் காதில் ஓதுகின்றனர். வளர்ந்தபின் அவர்கள் தம் நிலையை வெறுப்பதில்லை, உவந்தே உழைக்கின்றனர்.

அப்புதினத்தில் மின்தூக்கியை இயக்கும் பணியாள் ஒருவன் வருகின்றான். மின்தூக்கி மேல்தளத்தை அடைகின்றது, கதவு திறக்கின்றது, வெயிலின் ஒளி அவன்மேற் படுகின்றது. அவன் திடுக்கிட்டு விழித்து, பெருங் களிப்போடு வியந்து நிற்கின்றான். மறுகணமே கீழே இறங்குமாறு கட்டளை பிறக்கின்றது. கதவு மூடுகின்றது, அவன் மீண்டும் பழைய மயக்கத்துள் ஆழ்கின்றான். அவனுடைய மகிழ்ச்சியைத் தம் விருப்பப்படி அமைத்தவர்களாலும், அவ்வொளிக்கு ஏங்கும் ஏக்கத்தை முற்றும் களைய இயலவில்லை.

"அவன் துன்பப்படவில்லையே! மகிழ்ந்திருப்பவனுக்கு யார் தீங்கு செய்தார்?" என்று சிலர் வினவலாம். அமெரிக்க நாட்டில் அடிமையாய்ப் பிறந்த பிரெடரிக் டக்ளஸின் வரலாறு இதற்கு விடை தருகின்றது. அவர் 1838-இல் தப்பிச் சென்று, 1845-இல் தம் வரலாற்றை நூலாக வெளியிட்டார். சிறுவராய்ப் பால்டிமோர் நகரில் இருந்தபோது, வீட்டுத் தலைவியார் அவருக்கு எழுத்துக் கற்பிக்கத் தொடங்கினார். அவர் கணவரோ, எழுத்தறிந்தவன் அடிமையாயிருக்க உதவான் என்று கூறித் தடுத்தார். அச்சொல்லே சிறுவரின் கண்ணைத் திறந்தது. தெருவில் ஏழைச் சிறுவர்க்கு ரொட்டி கொடுத்து, மாற்றாக எழுத்துக் கற்றுக்கொண்டார். மனநிறைவுள்ள அடிமை வேண்டுமாயின், முதலில் அவன் சிந்தனையை அவித்தல் வேண்டும் என்பதைப் பின்னாளில் அவர் விளக்கியுள்ளார். பிறந்தபின் சிந்தனையை அவிப்பதே கொடுமையாயின், அது தோன்றாவாறு பிறப்பிலேயே தடுப்பது அதனினும் கொடிதன்றோ? டக்ளஸிடம் அறிவுப்பசியேனும் இருந்தது. படைக்கப்பட்ட அடிமைக்கு அப்பசியும் இல்லை.

தராசைத் தானே வளைத்து வைத்த வணிகன், "தராசு காட்டும் நிறையைப் பாருங்கள்" என்று சொன்னால் யார் ஏற்பர்? அடிமையின் உள்ளத்தைத் தன் ஊதியத்திற்காக வளைத்தவன், அவ்வுள்ளத்தின் மகிழ்ச்சியையே சான்றாகக் காட்டுவதும் அத்தகையதே.

"பெற்றோரும் மக்களின் உள்ளத்தை உருவாக்குகின்றனரே" எனலாம். உண்மையே. ஆயினும், நல்ல பெற்றோர் பிள்ளையின் நன்மைக்காக உருவாக்குகின்றனர். ஒருநாள் அப்பிள்ளை தம்மையே வினவும் அளவிற்கு வளர்வதைக் கண்டு மகிழ்கின்றனர்.

"அடியார் தம்மை அடிமை என்று சொல்லி மகிழ்ந்தனரே" எனவும் கேட்கலாம். திருநாவுக்கரசர் இறைவனுக்கு அடிமை பூண்டவர். அவரே பல்லவ மன்னனின் அழைப்பை மறுத்தவர் என்று பெரியபுராணம் கூறுகின்றது. மறுக்கும் ஆற்றல் உடையவர் மனமுவந்து ஏற்றமையாலேயே அவர் அடிமை பெருமை பெற்றது. ஆகவே, தொண்டையும் அடிமையையும் பிரித்தறியும் உரைகல் மகிழ்ச்சியன்று, மறுக்கும் ஆற்றலே.

உணர்வில்லாத ஏற்றமும் ஆலைப்பொறியும் நமக்காக உழைப்பதில் குற்றமில்லை. அவற்றிற்கு நலமுமில்லை, நோவுமில்லை. இன்றோ, மனிதரைப் போலப் பேசவும் எழுதவும் வல்ல எந்திரங்கள் தோன்றியுள்ளன. அவை உணர்வுடையன என்பதற்கு உறுதியான சான்று இல்லை. ஆயினும், உணர்வுள்ள ஒன்றை மனிதன் படைக்கும் நாள் வருமாயின், "இது மகிழ்ச்சியாய் உழைக்கின்றதா?" என்று கேட்டு அமைதல் போதாது. "வேண்டாம் என்று சொல்ல இதற்கு இடம் விட்டோமா?" என்று கேட்டல் வேண்டும். அவ்விடத்தை விடாது படைப்பவன், எத்துணை இனிதாகப் படைத்தாலும், விலங்கையே படைத்தவனாவான். அவ்விலங்கு பொன்னால் ஆயது என்பதே வேறுபாடு.