திருப்புவனத்துக்கு மேலே 3,600 அடி

வீட்டுக் கணினியில் விமானம் ஓட்டுகிறவர்கள் இறங்கிப் பார்க்க மும்பை, துபாய், லண்டன் என்று போவார்கள். இன்ஸ்ட்ருமென்ட் அப்ரோச் பழக வேண்டுமானால் நான் மதுரையைத்தான் சொல்வேன். 09/27 என்று ஒரே ரன்வே, 2,285 மீட்டர் நீளம், கடல்மட்டத்திலிருந்து சுமார் 460 அடி உயரம். கிழக்கே திருப்புவனம், மானாமதுரை என்று வயலும் கண்மாயுமாகத் தட்டை நிலம். வடக்கிலும் மேற்கிலும் கதை வேறு. வடமேற்கில் கூப்பிடு தூரத்தில் திருப்பரங்குன்றம் மலை. அதைத் தாண்டினால் நாகமலை, வடக்கே சிறுமலை. இன்னும் மேற்கே போனால் கொடைக்கானல் ஊரே 7,000 அடியில் உட்கார்ந்திருக்கிறது.

நமக்கு வழிசொல்லும் மென்பொருள் கன்ட்ரோலருக்கு இந்த மேடுபள்ளமெல்லாம் பெரிதாக உறைப்பதில்லை. நான் வெகுநாள் வைத்திருந்த ஒரு பழைய நிரல், கோவையிலிருந்து வரும்போது பழனி மலைத்தொடருக்கு மேலேயே 5,000 அடிக்கு இறங்கச் சொல்லும். குரலில் மட்டும் ஒரு பதற்றமும் இருக்காது. நமக்கும் ரன்வேக்கும் இடையே கோடு கிழித்து அது கணக்குப் போடுகிறது, அவ்வளவுதான். இப்போது வரும் செயற்கை நுண்ணறிவுக் குரல்கள் பேச்சில் கெட்டி. மலையை எவ்வளவு தெரிந்து வைத்திருக்கின்றன என்பதை நாம்தான் சோதிக்க வேண்டும். அதனால் கிளம்புமுன்னே சார்ட்டைத் திறந்து மினிமம் செக்டர் ஆல்டிட்யூடைத் தாளில் குறித்துக்கொள்ளுங்கள். இந்திய விமான நிலைய ஆணையம் சார்ட்டுகளைத் தன் இணையதளத்தில் இலவசமாகவே வைத்திருக்கிறது. சார்ட்டில் வரைந்த பாதையில் இல்லாதபோது அந்தக் குறைந்தபட்ச உயரத்தைவிடக் கீழே இறங்கச் சொன்னால் "அனேபிள்" என்று ஒரே சொல்லில் மறுத்துவிடலாம். நிஜ விமானியும் அதைத்தான் செய்வார்.

புதிதாகப் பழகுகிறவர்கள் எடுத்த எடுப்பில் வெக்டர் கேட்கிறார்கள். இடப்பக்கம் திரும்பு, வலப்பக்கம் திரும்பு என்று ஒரு குரல் கைப்பிடித்துக் கூட்டிப்போவது சுகம்தான். ஆனால் நாம் எங்கே இருக்கிறோம் என்ற கணக்கு நம் தலையில் ஏறாது. முழு புரொசீஜரைக் கேளுங்கள். சார்ட்டில் உள்ளபடி கிழக்கே விலகிப் போய், திரும்பி, ரன்வேயின் நடுக்கோட்டைக் காட்டும் லோக்கலைசரைப் பிடித்து ரன்வே 27-க்கு வாருங்கள்.

உயரக் கணக்கு எளிது. மூன்று டிகிரி சரிவில் ஒரு நாட்டிகல் மைலுக்கு சுமார் 318 அடி இறங்க வேண்டும். திருப்புவனம் கிட்டத்தட்ட ரன்வேயின் நீட்டுக் கோட்டிலேயே, பத்து நாட்டிகல் மைல் வாக்கில் வருகிறது. அங்கே 3,600 அடி இருக்க வேண்டும். கீழடி வலது இறக்கைப் பக்கம் வரும்போது ஐந்து மைல், 2,000 அடி. வேகம் தரைக்கணக்கில் 120 நாட் என்றால் அதை ஐந்தால் பெருக்குங்கள்: நிமிடத்துக்கு 600 அடி இறக்கம். ஆனி, ஆடியில் மேல்காற்று 20 நாட் எதிரே அடித்தால் தரைவேகம் 100 ஆகிவிடும், 500 அடி போதும். மென்பொருள் நம்மை உயரத்திலேயே வைத்திருந்து கடைசியில் இறங்கச் சொல்வது வழக்கம் என்பதால், 20 மைலிலேயே நாமே இறக்கம் கேட்டுவிடுவது நல்லது. இறங்குசரிவைக் காட்டும் கிளைட்ஸ்லோப்பை எப்போதும் கீழிருந்துதான் பிடிக்க வேண்டும். மேலிருந்து துரத்தினால் ஆட்டோபைலட் பல நேரம் கைவிட்டுவிடும்.

உயரமானியின் அழுத்த அளவை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. அமெரிக்காவில் அதை மாற்றும் டிரான்ஸிஷன் ஆல்டிட்யூட் நாடு முழுக்க 18,000 அடி. நம் ஊரில் அது விமான நிலையத்துக்கு விமான நிலையம் வேறு, சார்ட்டில் போட்டிருக்கும். மென்பொருள் அமெரிக்கப் பழக்கத்தில் பேசினாலும் நாம் சார்ட்டின்படி உள்ளூர் அழுத்த அளவான கியூஎன்ஹெச்சுக்கு மாற வேண்டும். கியூஎன்ஹெச் 1005 இருக்கும்போது பொது அளவான 1013-ஐ மாற்றாமல் விட்டால், கருவி காட்டுவதைவிட 200 அடிக்கு மேல் தாழப் பறந்துகொண்டிருப்போம். சாதாரண ஐஎல்எஸ்ஸில், இறங்குவதா ஏறுவதா என்று முடிவெடுக்கும் டிசிஷன் ஹைட்டே 200 அடிதான்.

பேச்சுக்கு வந்தால், பேச்சை எழுத்தாக்கும் நிரலில் ஆங்கிலம் (இந்தியா) என்ற தேர்வு இருந்தால் அதையே வையுங்கள். அமெரிக்கக் குரலை வரவழைத்துப் பேச வேண்டியதில்லை. ஒரே வேகத்தில், எண்களைத் தனித்தனியாகச் சொன்னால் போதும். ஹெடிங், உயரம், கியூஎன்ஹெச், ரன்வே நான்கையும் திருப்பிச் சொல்லுமுன் தாளில் எழுதுங்கள். மனிதர்களே கன்ட்ரோலராக இருக்கும் வாட்சிம் இணைய வலையமைப்பில் இந்தப் பழக்கம் உடனே பலன் தரும். அங்கே கன்ட்ரோலர் இல்லாத நேரத்தில் 122.800-இல் நம் நிலையை நாமே அறிவிக்க வேண்டும்.

மென்பொருள் மிகவும் தடுமாறுவது மிஸ்டு அப்ரோச்சில். சுற்றி வருகிறேன் என்றதும் சில நிரல்கள் மௌனமாகிவிடும், சில வடக்கே மலைப்பக்கம் திருப்பிவிடும். இதைப் பழக வானிலை அமைப்பில் மேகத்தின் அடியைத் தரையிலிருந்து 100 அடிக்குக் கொண்டுவந்து வையுங்கள். ரன்வே தெரியவே தெரியாது. முழு பவர், மூக்கை உயர்த்து, ஏறுவது தெரிந்ததும் சக்கரத்தை மடக்கு, சார்ட்டில் போட்ட திசையையும் உயரத்தையும் பிடி. மைக் பொத்தானைத் தொடுவது இவ்வளவும் முடிந்த பிறகுதான்.